இரவல் விடைகள்: இணையத் தேடல் ஏபிஐயை விதிமுறைக்குள் நின்று பயன்படுத்த முழு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறு கருவி, தேடல் சேவை ஒன்றின் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு சேவையிடம் நேராகக் கேட்டு விடை பெறும் வழி) மூலம் வந்த ஒவ்வொரு விடையையும் தரவுத்தளத்தில் போட்டு வைத்துக்கொண்டது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டுக் காசை வீணாக்குவானேன் என்பது என் கணக்கு. ஐந்தாறு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஏபிஐ கீ, அதாவது சேவையைப் பயன்படுத்த எனக்குத் தரப்பட்டிருந்த இரகசியக் குறியீடு, முடக்கப்பட்டிருந்தது. கூடவே நான்கு வரி மின்னஞ்சல். அவர்கள் சுட்டிக்காட்டிய விதி, 'ஏற்கிறேன்' என்று நான் சொடுக்கிய அதே பக்கத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நிரலில் பிழை ஒன்றும் இல்லை. எனக்கு என்ன விற்கப்பட்டது என்பதை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

தேடல் ஏபிஐக்குப் பணம் கட்டும்போது நாம் தரவை வாங்குவதில்லை. ஒரு கேள்விக்கு வந்த விடையை, கேட்டவருக்கு, குறிப்பிட்ட விதத்தில், குறிப்பிட்ட காலத்துக்குக் காட்டிக்கொள்ளும் அனுமதியை வாங்குகிறோம். இரவல் வாங்கிய புத்தகத்தைப் படிக்கலாம், அருகில் இருப்பவருக்குக் காட்டலாம். அட்டையைக் கிழித்து நம் பெயரை ஒட்டவோ நகலெடுத்துக் கடை போடவோ முடியாது. இதை மனதில் இருத்திக்கொண்டால், விதிமுறைப் பக்கங்களின் கரடுமுரடான வாசகங்களில் பெரும்பாலானவை தாமாக விளங்கிவிடும். கீழே வரும் படிகள் அந்தப் புரிதலை நிரலுக்குள் கொண்டுவரும் வேலைதான்.

முதல் படி: கீ வாங்கும் முன் ஒரு பத்தி எழுதுங்கள்

நான்கு கேள்விகளுக்கு முழு வாக்கியங்களில் விடை எழுதுங்கள். தேடலைத் தொடங்குவது யார், ஒரு மனிதரா அல்லது தானாக ஓடும் நிரலா? விடையை யார் பார்ப்பார்கள்? அது உங்களிடம் எவ்வளவு நேரம் தங்கும்? உங்கள் கையை விட்டு வேறு எங்காவது போகுமா?

இது சடங்கு அல்ல. ஒருவர் பெட்டியில் சொற்களைத் தட்டி, வந்த பத்து இணைப்புகளைப் பார்த்துவிட்டுப் போகிற தளத்தை ஏறக்குறைய எல்லாச் சேவைகளும் வரவேற்கும். அதே ஏபிஐயைக் கொண்டு இரவு முழுவதும் ஐந்நூறு சொற்களைத் தானாகத் தேடி, எந்தத் தளம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று அட்டவணை போடும் கருவி வேறு சங்கதி. அதைப் பல சேவைகள் ஏற்பதில்லை. ஏற்கும் சேவைகளும் தனித் திட்டத்தில்தான் வைத்திருக்கும். இரண்டுக்கும் நிரல் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு அந்தப் பத்தியில் மட்டும்தான் தெரியும்.

எழுதியதைப் பத்திரமாக வைத்திருங்கள். விதிமுறையைப் படிக்கும்போது அதுதான் உரைகல்.

இரண்டாம் படி: எந்த வகைச் சேவை என்று அறிந்து தேர்ந்தெடுங்கள்

'தேடல் ஏபிஐ' என்ற ஒரே பெயரில் ஐந்து வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, இணையத்தைத் தானே தவழ்ந்து, அதாவது பக்கம் பக்கமாக நிரல் மூலம் படித்து, தன் சொந்தத் தேடல் அட்டவணையைக் கட்டியிருக்கும் சேவை. கூகுள், பிரேவ், மோஜீக் போன்றவை இதில் வரும். விடை அவர்களுடைய உழைப்பு என்பதால் அதை என்ன விதிகளோடு கொடுக்கலாம் என்பதும் அவர்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது, பிறருடைய தேடல் பக்கத்தை நிரல் வழியே படித்து, அதைச் சீர்செய்து விற்கும் இடைத்தரகு. இவர்களுடைய ஏபிஐ வசதியானது; ஆவணங்கள் பெரும்பாலும் மூலச் சேவையின் ஆவணங்களைவிடத் தெளிவாகவே இருக்கும். ஆனால் இவர்கள் விதிமுறைக்கு நீங்கள் கட்டுப்பட்டால் மட்டும் போதாது. மூலத் தேடுபொறியோடு இவர்களுக்கே தகராறு இருக்கலாம். 2025 டிசம்பரில் செர்ப்ஏபிஐ என்ற நிறுவனத்தின் மீது கூகுள் வழக்குத் தொடுத்தது இந்த வகை வியாபாரத்தைக் குறித்துத்தான். வழக்கு எப்படி முடிந்தாலும், உங்கள் தயாரிப்பின் அடித்தளம் இன்னொருவருடைய நீதிமன்றத் தேதியைப் பொறுத்து நிற்பது நல்லதல்ல. நான் இந்த வகையைத் தொடுவதில்லை. நீங்கள் தொட்டால் கண்ணைத் திறந்துகொண்டு தொடுங்கள்.

மூன்றாவது, மொழி மாதிரிகளோடு (கேள்விக்கு உரையாகவே விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்களோடு) இணைத்துத் தரப்படும் தேடல். உங்களுக்கு இணைப்புப் பட்டியல் வராது. தேடலின் துணையோடு எழுதப்பட்ட விடை வரும். இதற்கான காட்சி விதிகள் தனி. நான்காவது, ஒரு தளத்துக்குள் மட்டும் தேடுவது. விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி ஏபிஐ நல்ல எடுத்துக்காட்டு: உரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் மறுபயன்பாடு செய்யலாம். பதிலுக்கு அவர்கள் கேட்பது எளிமையானது. உங்கள் நிரல் தன்னை அடையாளம் காட்டும் யூசர் ஏஜென்ட் வரியில் தொடர்பு விவரம் இருக்க வேண்டும். கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கொட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும்.

ஐந்தாவது, தேடலே தேவையில்லாதவர்களுக்கானது. இலட்சக்கணக்கான பக்கங்களை ஆராய வேண்டும் என்றால் தேடல் ஏபிஐ தவறான கருவி. 2007ல் தொடங்கப்பட்ட காமன் கிரால் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, தவழ்ந்து சேகரித்த பக்கங்களை மொத்தமாகவே வெளியிடுகிறது. பக்கங்களின் பதிப்புரிமை அவரவர் உரிமையாளரிடமே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் மொத்தத் தரவு வேண்டுபவர் போகவேண்டிய கதவு இது.

புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டக்டக்கோ தரும் உடனடி விடை ஏபிஐயை முழுத் தேடல் ஏபிஐ என்று நினைத்துக் கட்டத் தொடங்குவார்கள். அது தலைப்புச் சுருக்கம் போன்றவற்றைத் தருமே தவிர, முழுத் தேடல் பட்டியலைத் தராது.

மூன்றாம் படி: விதிமுறையை வினைச்சொற்களைத் தேடிப் படியுங்கள்

மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்கினால் மூன்றாவது பத்தியிலேயே கண் செருகிவிடும். நான் செய்வது இது: முதலில் எத்தனை ஆவணங்கள் என்று எண்ணுவேன். பெரும்பாலும் ஒன்றல்ல. நிறுவனத்தின் பொது விதிமுறை, ஏபிஐக்கான விதிமுறை, அந்த ஒரு சேவைக்கான கூடுதல் விதிமுறை, காட்சி விதிகள், விலைப் பக்கம், தனியுரிமைக் கொள்கை என்று ஐந்தாறு இருக்கும். தடைகள் பல நேரங்களில் விலைப் பக்கத்தின் சிறு எழுத்துகளில் ஒளிந்திருக்கும். 'இந்தத் திட்டத்தில் சேமிப்பு உரிமை இல்லை' என்பது போன்ற ஒரு வரி.

பிறகு ஐந்து வினைகளைத் தேடுவேன்: கேட்பது, வைத்திருப்பது, காட்டுவது, மாற்றுவது, கைமாற்றுவது. யார் கேட்கலாம், எத்தனை முறை. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம். எப்படிக் காட்ட வேண்டும். வரிசையையோ வாசகத்தையோ மாற்றலாமா, வேறு விடைகளோடு கலக்கலாமா, மொழி மாதிரிக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாமா. வேறொருவருக்குத் தரலாமா. ஒவ்வொன்றுக்கும் நேரே விதியின் எண்ணையும் என் சொற்களில் அதன் பொருளையும் எழுதி, நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ஒரு கோப்பாகப் போட்டுவிடுவேன். ஆவணத்தின் நகலையும் தேதியோடு சேமிப்பேன். விதிமுறைகள் மாறும். மாறியது என்ன என்று அறிய, முன்பு இருந்தது கையில் வேண்டும்.

தெளிவில்லாத இடத்தில் உங்களுக்குச் சாதகமான பொருளை எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் படியில் எழுதிய பத்தியை அப்படியே ஒட்டி, 'இது உங்கள் விதிக்குள் வருமா' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அதையும் கோப்பில் சேருங்கள். வராவிட்டால், அந்த அம்சம் இல்லாமல் தயாரிப்பு நிற்குமா என்று பாருங்கள். பெரும் பணம் சம்பந்தப்பட்டது என்றால் வழக்கறிஞரிடம் போங்கள். நான் நிரல் எழுதுகிறவன் மட்டுமே.

இந்த ஒப்பந்தங்களை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு ஹைக்யூ வழக்கை நினைவூட்டலாம். லிங்க்ட்இன் தளத்தின் பொதுப் பக்கங்களை நிரல் மூலம் எடுத்த நிறுவனம் அது. கணினி ஊடுருவல் சட்டத்தைப் பற்றிய வாதத்தில் 2019லும் 2022லும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் சாய்ந்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே 2022ன் இறுதியில், பயனர் ஒப்பந்தத்தை மீறியதாக ஹைக்யூவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. சட்டம் குற்றம் என்று சொல்லாத ஒன்றும் ஒப்பந்த மீறலாக இருக்க முடியும்.

நான்காம் படி: கீயைப் பூட்டி வையுங்கள்

இது சுருக்கமானது. கீ சர்வரில் மட்டும் இருக்க வேண்டும். உலாவிக்கோ கைபேசிச் செயலிக்கோ அனுப்பப்படும் நிரலில் இருக்கக் கூடாது. அங்கு வைத்த எதையும் ஒருவர் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார். நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியாகவோ (நிரலுக்கு வெளியே, சர்வரின் அமைப்பில் வைக்கும் மதிப்பு) இரகசியப் பெட்டகத்திலோ வையுங்கள். திறமூலத் திட்டங்களுக்குள் கீயைப் பொதியக் கூடாது என்று கூகுளின் ஏபிஐ விதிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது; ஆகவே அது பாதுகாப்புக் குறைபாடு மட்டுமல்ல, விதிமீறலும்கூட. தவறிப்போய்ப் பொதுக் களஞ்சியத்தில் (நிரலை அதன் பழைய பதிப்புகளோடு சேமிக்கும் இடத்தில்) ஏற்றிவிட்டால் அந்த வரியை நீக்கினால் போதாது, பழைய பதிப்புகளில் அது கிடக்கும். கீயையே இரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குங்கள். எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தச் சேவைக்கு என்று கீயைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் முதல் நாளே பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: எல்லையைச் சேவை சொல்லும் முன் நீங்களே எண்ணுங்கள்

எல்லைகள் இரண்டு வகை. ஒரு நொடிக்கு அல்லது நிமிடத்துக்கு இத்தனை என்பது ஒன்று. ஒரு நாளுக்கு அல்லது மாதத்துக்கு இத்தனை என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் வகுத்துப் பாருங்கள். கூகுளின் கஸ்டம் சர்ச் ஜேசன் ஏபிஐ பல ஆண்டுகள் நாளுக்கு 100 தேடல்களை இலவசமாகத் தந்தது. அதற்கு மேல் ஆயிரத்துக்கு 5 டாலர், நாளுக்கு 10,000 வரை. நூறு என்பது தாராளமாகத் தோன்றும். ஆனால் ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் பத்து விடைகள்தான். ஒரு கேள்விக்கு அது தரக்கூடிய உச்சமான 100 விடைகளையும் இழுத்தால் பத்துக் கோரிக்கைகள் கரைந்துவிடும். அப்படிப் பத்துக் கேள்வி கேட்டால் அன்றைய பொழுது முடிந்தது. தட்டச்சு செய்யும்போதே ஒவ்வொரு எழுத்துக்கும் தேடும் பெட்டி வைத்தாலோ, ஒரே ஒரு பயனர் பன்னிரண்டு எழுத்துச் சொல்லை அடித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு கோரிக்கை போய்விடும். பயனர் நிறுத்திய பிறகு அரை நொடி பொறுத்துக் கேளுங்கள். அதைவிட நல்லது, அவர் பொத்தானை அழுத்தும்வரை கேட்காமலே இருப்பது.

இன்னொன்று: நாள் என்பது யாருடைய நாள்? கூகுளின் நாள் ஒதுக்கீடுகள் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகின்றன. உங்கள் சர்வரின் கடிகாரத்தை வைத்து எண்ணிக்கையைப் பூச்சியமாக்கினால் சில மணி நேரம் தவறான கணக்கில் ஓடுவீர்கள்.

உங்கள் பக்கத்தில் ஓர் எண்ணி இருக்கட்டும். ஒதுக்கீட்டில் முக்கால் பங்கு தீர்ந்ததும் உங்களுக்கு எச்சரிக்கை வரவேண்டும். முழுதும் தீரும் முன்பே, 'இன்றைய தேடல் முடிந்தது' என்று பயனரிடம் நேர்மையாகச் சொல்லும் திரை தயாராக இருக்கவேண்டும்.

எல்லையை மீறினால் சேவை 429 என்ற நிலைக் குறியீட்டைத் திருப்பும். 'அளவுக்கு மீறிய கோரிக்கைகள்' என்று பொருள்படும் இந்தக் குறியீட்டை 2012ல் வெளியான ஆர்எஃப்சி 6585 என்ற இணையத் தர ஆவணம் முறைப்படுத்தியது. கூடவே 'ரீட்ரை ஆஃப்டர்' என்ற ஹெடர் (விடையோடு சேர்ந்து வரும் குறிப்பு வரி) வந்தால், எத்தனை நொடி அல்லது எந்த நேரம் வரை பொறுக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். அதை அப்படியே மதியுங்கள். அது வராவிட்டால் ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றோடும் சிறு தற்செயல் அளவைக் கூட்டுங்கள். அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் உங்கள் பத்து சர்வர்களும் ஒரே கணத்தில் தூங்கி ஒரே கணத்தில் விழித்து மறுபடியும் ஒன்றாக மோதும். ஐந்து முறைக்குப் பிறகு விட்டுவிடுங்கள். 400, 401, 403 போன்றவற்றைக் கண்மூடித்தனமாகத் திரும்ப அனுப்பாதீர்கள். கோரிக்கையே தவறு, அல்லது அனுமதி இல்லை என்று பொருள். சில சேவைகள் ஒதுக்கீடு தீர்ந்ததையும் 403 மூலம் சொல்வதுண்டு; பிழையோடு வரும் செய்தியைப் படித்து முடிவெடுங்கள்.

ஐந்து மின்னஞ்சல் முகவரிகளில் ஐந்து கணக்கு தொடங்கி இலவச ஒதுக்கீட்டைச் சுழற்றுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று சொல்லித் தருகிறார்கள். எல்லையைச் சுற்றிப் போவதை விதிமுறைகள் பொதுவாகத் தடை செய்கின்றன. கணக்குகள் ஒரே சர்வரிலிருந்து பேசுவதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. பிடிபட்டால் ஐந்தும் ஒன்றாகப் போகும்.

ஆறாம் படி: வைத்திருப்பது

பெரும்பாலோர் வழுக்கும் இடம் இதுதான். நானும் இங்குதான் வழுக்கினேன். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கூகுள் ஏபிஐ விதிமுறையின் வாசகம் இரண்டு தனித்தனிச் செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, வந்த உள்ளடக்கத்தைக் கொண்டு தரவுத்தளம் கட்டவோ நிரந்தர நகல் எடுக்கவோ கூடாது. இரண்டு, தற்காலிக நகலை (இதைத்தான் கேஷ் என்கிறோம்), விடையோடு வரும் கேஷ் ஹெடர் அனுமதிக்கும் நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதாவது எவ்வளவு நேரம் என்பதை நிரலர் தீர்மானிப்பதில்லை; ஒவ்வொரு விடையும் தன் ஆயுளைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடல் ஏபிஐயும் அது இருந்த காலத்தில் சேமிப்புக்கு இதேபோல் கடுமையான வரம்பு வைத்திருந்தது. பிரேவ் சேமிப்பு உரிமையைத் தனித் திட்டமாக வைத்து விற்றது. வைத்திருப்பதற்கு ஒருவர் தனி விலை கேட்கிறார் என்றால், அது சாதாரண விலையில் அடங்கவில்லை என்று பொருள்.

நிரலில் இதைக் கையாளும் முறை: விடைகளுக்கென்று ஒரே ஓர் இடம் வையுங்கள். நினைவகத்தில் இயங்கும் கேஷ் போதும். உள்ளே போகும் ஒவ்வொன்றுக்கும் காலாவதி நேரம் கட்டாயம். காலாவதி இல்லாமல் எழுத முயன்றால் நிரல் பிழை காட்டி நிற்க வேண்டும். ஹெடரில் நேரம் இல்லை என்றால் வைத்திருக்காமல் விடுங்கள். இரண்டு பயனர்கள் ஒரே கணத்தில் ஒரே கேள்வியைக் கேட்டால், ஒரு கோரிக்கையை மட்டும் அனுப்பி இருவருக்கும் அதே விடையைத் தரலாமா? கேஷுக்கு இடமுள்ள சேவையில் அது உதவும். ஆனால் ஒவ்வொரு பயனரின் தேடலும் தனிக் கோரிக்கையாக வரவேண்டும் என்று சொல்லும் விதி இருந்தால் கூடாது. மூன்றாம் படியில் எழுதிய கோப்பைத் திறந்து பார்க்கும் முதல் சந்தர்ப்பம் இது.

கேஷைச் சரியாகக் கட்டியவரும் கோட்டைவிடும் இடங்கள் வேறு. தேடல் விடை முழுவதையும் பிழைப் பதிவேட்டில் கொட்டும் ஒரு வரி. தினமும் தானாக எடுக்கப்படும் காப்புநகல். பயனர் நடத்தையை ஆராயும் மூன்றாம் தரப்புக் கருவிக்குப் போகும் பக்கத்தின் நகல். சோதனைக்காக 'உண்மையான விடை' என்று சேமித்து, களஞ்சியத்தில் ஏற்றிய கோப்பு. இவை எல்லாம் நிரந்தர நகல்கள்தான், நாம் அப்படி நினைக்காவிட்டாலும். பதிவேட்டில் நிலைக் குறியீடு, எடுத்த நேரம், விடைகளின் எண்ணிக்கை ஆகியவை மட்டும் இருக்கட்டும். சோதனைக் கோப்பை நீங்களே கற்பனையாக எழுதுங்கள். வடிவம் சரியாக இருந்தால் போதும்.

அப்படியானால் எதை வைத்திருக்கலாம்? உங்களுடையதை. எத்தனை தேடல் நடந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு நேரம் பிடித்தது என்பவை உங்கள் அளவீடுகள். பயனர் ஒரு விடையைச் சொடுக்கி அந்தப் பக்கத்தைத் தன் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டால், பயனரின் தேர்வைச் சேமிக்கிறீர்கள். அதற்கும் பட்டியல் முழுவதையும் சேமிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனாலும் சேவையின் சுருக்க வரியை அங்கு ஒட்டாமல், பக்கத்தின் முகவரியையும் பயனரே எழுதும் தலைப்பையும் மட்டும் வைப்பது என் வழக்கம்.

முகவரி கிடைத்த பிறகு அந்தப் பக்கத்தை உங்கள் நிரலே போய்ப் படிக்கலாமா என்றும் கேட்பார்கள். அப்போது கதவு மாறிவிடுகிறது. தேடல் சேவை தந்த அனுமதி அந்தத் தளத்துக்குப் பொருந்தாது. அங்கு அந்தத் தளத்தின் விதிமுறையும், தானியங்கி நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் அதன் ரோபோட்ஸ் கோப்பும், பதிப்புரிமையும் ஆட்சி செய்யும். 1994லிருந்து வழக்கத்தில் இருந்த அந்த ரோபோட்ஸ் நெறி, 2022ல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான வடிவம் பெற்றது.

ஏழாம் படி: காட்டுவதும் கலப்பதும்

சேவையின் பெயரையோ சின்னத்தையோ விடையருகில் காட்டச் சொன்னால் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் அல்ல. விடையின் இணைப்பு மூலப் பக்கத்துக்கே போகவேண்டும். விளம்பர விடைகள் வந்தால் அவற்றின் அடையாளத்தை அகற்றாதீர்கள். பயனரை ஏமாற்றுவதும் அதுவே. தலைப்பையும் சுருக்க வரியையும் இடம் போதாமல் வெட்டலாம் என்றாலும், திருத்தி எழுதலாமா என்பதை விதியில் பாருங்கள்.

கூகுள் தேடலை மொழி மாதிரியோடு இணைத்துப் பயன்படுத்தும் சேவையில், விடையோடு வரும் தேடல் பரிந்துரைகளை அவர்கள் தரும் வடிவிலேயே காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வடிவமைப்பாளர் 'இந்தப் பட்டை அழகாக இல்லை' என்று எடுத்துவிட்டால் விதி மீறப்பட்டுவிடும். ஆகவே காட்சி விதிகளை நிரலர் மட்டும் அறிந்திருந்தால் போதாது. வடிவமைப்பாளரின் கோப்பிலும் 'இதை நீக்கக் கூடாது' என்ற குறிப்பு இருக்க வேண்டும்.

இரண்டு சேவைகளின் விடைகளை ஒரே பட்டியலில் கலந்து, உங்கள் சூத்திரத்தால் வரிசைப்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். தடை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகு செய்யுங்கள். ஐயம் இருந்தால் தனித்தனிப் பகுதிகளாக, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு காட்டுவது பாதுகாப்பான வழி. பயனருக்கும் அது பயன்படும்.

எட்டாம் படி: மொழி மாதிரிக்குக் கொடுக்கும் முன்

இங்கு இரண்டு செயல்கள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. தேடல் விடையைச் சேர்த்து வைத்து ஒரு மாதிரியைப் பயிற்றுவிப்பது ஒன்று. பயனர் கேட்ட கணத்தில் விடையைத் தேடி, அதை மாதிரியிடம் காட்டிச் சுருக்கச் சொல்வது மற்றொன்று. முதலாவதைப் பிங் ஏபிஐயின் விதிமுறை தடை செய்திருந்தது. இயந்திரக் கற்றலுக்கு விடைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 2023 மார்ச்சில், தன் தேடல் தரவைக் கொண்டு உரையாடல் கருவி கட்டிய போட்டித் தேடுபொறிகளுக்கான அனுமதியை வெட்டிவிடுவதாக மைக்ரோசாஃப்ட் எச்சரித்ததாகச் செய்தி வந்தது. ஆக, இரண்டாவதும் எல்லா இடத்திலும் இயல்பாக அனுமதிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். 'மாற்றுவது' என்ற வினைக்கு நேரே இந்த இரண்டுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள்.

மாதிரி எழுதிய சுருக்கத்தின் கீழ் மூலப் பக்கங்களின் இணைப்புகளைக் கட்டாயம் வையுங்கள். அந்த உரையாடலின் வரலாற்றைச் சேமிக்கிறீர்கள் என்றால், அதற்குள் தேடல் விடையும் தங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆறாம் படியின் காலாவதி அதற்கும் பொருந்தும்.

ஒன்பதாம் படி: கேள்வியும் ஒரு தரவு

விடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; கேட்டவரை மறந்துவிடக் கூடாது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் ஏறக்குறைய 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்கள்தான் இருந்தன. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள், தேடிய சொற்களை மட்டும் கோத்து ஒரு பயனரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். மனிதர் தேடும் சொற்களில் நோய் இருக்கும், ஊர் இருக்கும், உறவினர் பெயர் இருக்கும். எண்ணால் மூடினாலும் ஆள் தெரிந்துவிடுவார்.

ஆகவே தேடலை உங்கள் சர்வர் வழியே அனுப்புங்கள். பயனரின் ஐபி முகவரியையும் கணக்கு எண்ணையும் சேவைக்குக் கடத்தாதீர்கள், விதி கேட்டாலொழிய. கேட்டால் அதைப் பயனருக்குத் தெரிவியுங்கள். கேள்விகள் எந்த நிறுவனத்துக்குப் போகின்றன என்பது உங்கள் தனியுரிமைப் பக்கத்தில் பெயரோடு இருக்க வேண்டும். கேள்விப் பதிவேட்டுக்கும் காலாவதி வையுங்கள்.

பத்தாம் படி: கைமாற்றாதீர்கள், ஒட்டியும் கிடக்காதீர்கள்

ஏபிஐயின் மேல் இன்னோர் ஏபிஐ கட்டி விற்பதை விதிமுறைகள் பொதுவாக ஏற்பதில்லை. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் ஒன்றை மூன்றாம் தரப்புக்குத் தரக் கூடாது என்று கூகுள் நேரடியாகவே எழுதியிருக்கிறது. உங்கள் வாடிக்கையாளருக்குத் தேடல் வேண்டுமென்றால் அவரே கணக்கு தொடங்கி, தன் கீயை உங்கள் கருவியில் இட்டுக்கொள்ளட்டும். ஒப்பந்தம் அவருக்கும் சேவைக்கும் இடையில் நேராக இருக்கும்.

இனி, சேவையே நின்றுபோகும் நாள். கூகுள் 2002ல் தந்த 'சோப்' (SOAP) என்ற தொடர்பு முறையில் இயங்கிய தேடல் ஏபிஐ நாளுக்கு 1,000 கேள்விகளை அனுமதித்தது. 2006 டிசம்பரில் புதிய கீ தருவதை நிறுத்தி, 2009ல் மூடப்பட்டது. யாகூவின் 'பாஸ்' (BOSS) என்ற தேடல் ஏபிஐ சேவை 2008ல் பெரும் எதிர்பார்ப்போடு வந்து 2016 மார்ச் 31 அன்று முடிந்தது. பிங் தேடல் ஏபிஐகள் 2025 ஆகஸ்ட் 11 அன்று நிறுத்தப்பட்டன. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையைப் பழமொழி சொல்லும். இந்தத் துறையில் அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரங்கேறுகிறது.

சேவையின் விடை வடிவத்தை நிரல் முழுவதும் பரவவிடாதீர்கள். தலைப்பு, முகவரி, சுருக்கம், மூலச் சேவை, காலாவதி என்று உங்களுக்கென ஐந்து புலங்கள் கொண்ட வடிவம் ஒன்றை வையுங்கள். ஒவ்வொரு சேவைக்கும் அதை நிரப்பும் சிறு இணைப்பான் மட்டும் தனி. காட்சி விதிகளும் அந்த இணைப்பானோடு சேர்ந்தே இருக்கட்டும்; சேவை மாறினால் சின்னமும் காலாவதியும் தானாக மாறும். இரண்டாவது சேவை ஒன்றில் கணக்கு தொடங்கி, மாதம் ஒருமுறை பத்துக் கேள்விகளை அனுப்பி, இணைப்பான் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதே நாளில் விதிமுறைப் பக்கத்தையும் திறந்து, சேமித்து வைத்த நகலோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் முதலில் சம்பந்தப்பட்ட அம்சத்தை நிறுத்துங்கள், பிறகு பதில் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எப்போதிலிருந்து, எதை அழித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் அப்படி எழுதியபோது கீ பதினோராவது நாள் திரும்பி வந்தது. அதற்குள் தரவுத்தளத்தை அழிக்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. காப்புநகல்கள் எங்கெங்கே கிடந்தன என்று எனக்கே தெரியவில்லை. அதனால் இப்போது 'எல்லா விடைகளையும் அழி' என்ற ஒரு கட்டளையை முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறேன். கேஷ், பதிவேடு, காப்புநகல், சோதனைக் கோப்பு நான்கையும் அது தொடும். கணக்கை மூடும் நாளில் அந்தக் கட்டளையை ஓட்டுகிறேன், எதுவும் மிஞ்சவில்லை என்று பார்க்கிறேன், கடைசியாகக் கீயை நீக்குகிறேன்.